போர் ஓய்ந்த மண்ணில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொண்டு: கேள்வி பதில்

வட இலங்கையின் வன்னிப் பகுதியில் செயற்கைக் கால் பொருத்தும் பணிக்குத் தொண்டராகப் பலமுறை சென்று வந்த, கோவையைச் சேர்ந்த செயற்கை உறுப்பு வல்லுநர் ஒருவர் கொங்கு நாட்டு அன்பர்களுக்கு அளித்த பதில்கள்.

ஐயா, இலங்கையில் போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டதே. இன்னும் நம் உதவி தேவைப்படுகிறதா? (கோபிசெட்டிபாளையம்)

தேவைப்படுகிறது. செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்து முடிகிற பொருளன்று. பெரியவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கொரு முறையும், வளரும் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஆண்டுதோறும் அதை மாற்ற வேண்டும். பத்து வயதில் காலை இழந்த சிறுமி திருமணமாகித் தாயாவதற்குள் எத்தனை கால்களைக் கடந்திருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பனியன் நிறுவனத்தில் மிஞ்சும் பருத்தித் துணியில், செயற்கைக் காலுக்குள் அணியும் உறை தைத்து அனுப்பலாமா? (திருப்பூர்)

உங்கள் ஊரால் செய்யக்கூடிய மிக நல்ல உதவி இதுதான். ஆனால் மிஞ்சிய துணியில் வேண்டாம். எஞ்சிய கால், செயற்கைக் காலின் கிண்ணம் போன்ற மேற்பகுதிக்குள் பகல் முழுவதும் உடல் எடையைத் தாங்குவதால், உறையின் நுனியில் ஒரு தையல் மடிப்பு இருந்தாலே தோல் புண்ணாகிவிடும். புண் ஆறும்வரை அவர் வயலுக்கோ கடைக்கோ போக முடியாது. ஆகவே வட்டப் பின்னல் இயந்திரத்தில், நுனியில் தையல் தடிப்பில்லாமல் பின்ன வேண்டும். அறுவை முடிந்த முதல் ஆண்டில் கால் சுருங்கிக்கொண்டே வரும் என்பதால், ஒன்றன்மேல் ஒன்றாக அணிய வெவ்வேறு தடிமனிலும் வேண்டும். வியர்வை படிவதால் தினமும் துவைக்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு ஓர் உறை போதாது. 1987 முதல் இயங்கிவரும், செயற்கைக் கால் செய்து பொருத்தும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் மையம் போன்ற இடங்களில் அளவு கேட்டறிந்த பிறகே நூலை வாங்குங்கள்.

வெளிநாட்டுக் கார்பன் கால்களைத் திரட்டி அனுப்பலாமா? (ஈரோடு)

வேண்டாம். மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், வெறுங்காலுடன் நடக்கவும் குந்தி அமரவும் சேற்றில் இறங்கவும் ஏற்றது. நெல் விளைவிப்பவருக்கு அதுவே உதவும்.

நாங்கள் லேத் பட்டறை நடத்துகிறோம். இருபது சக்கர நாற்காலிகள் வாங்கித் தர எண்ணுகிறோம். (கோவை, பீளமேடு)

பத்து போதும்; மீதிப் பணத்தைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பரிந்துரை தொடங்கிப் பராமரிப்பு வரை எட்டுப் படிகளைச் சொல்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் வாங்கிக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறோம். சிறிய முன்சக்கரம் மணலில் புதைந்துவிடும். அகன்ற முன்சக்கரமும், உள்ளூர் சைக்கிள் கடையில் கிடைக்கும் டயரும் பேரிங்கும் உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் பட்டறையில் அங்குள்ள இளைஞர் இருவருக்கு ஒரு மாதம் பயிற்சி தர முடிந்தால், அந்த நாற்காலிகள் பல ஆண்டுகள் ஓடும்.

பவானிசாகர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் தண்டுவடம் பாதித்த ஒருவரைப் பார்க்கப் போகிறேன். எப்படி நடந்துகொள்ள வேண்டும்? (சத்தியமங்கலம், கல்லூரி மாணவி)

எப்படி அடிபட்டது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர் சொன்னால் கேளுங்கள். படம் எடுக்காதீர்கள். அவருக்குத் தொடுவுணர்வு குறைந்திருந்தால் படுக்கைப்புண் வருவதே தெரியாது. படுத்திருக்கையில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிவிடுகிறார்களா, இடுப்பின் பின்புறத்தையும் குதிகாலையும் தினமும் யாராவது பார்க்கிறார்களா என்று வீட்டாரிடம் விசாரியுங்கள். சிவந்த இடம் அழுத்தம் நீங்கியும் வெளிறாவிட்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, அந்த நாளில் தவறாமல் போங்கள், அம்மா.