கேர்லியனும் ஆர்தரும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வேல்ஸின் கேர்லியன் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அங்கு உரோமானியர் வாழ்ந்ததற்குச் சான்று உண்டு, பிரித்தானியப் பழங்கதைகளின் நாயகரான ஆர்தர் அரசர் வாழ்ந்ததற்கு இல்லை என்கிறீர்கள். அப்படியானால் ஆர்தர் கதையை அவ்வூரின் வரலாற்றிலிருந்து விலக்கிவிடுவதுதானே முறை?

எஸ்., புதுச்சேரி

அன்புள்ள எஸ்.,

ஆர்தரை அவ்வூரின் அரசராக எழுத முடியாது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தக் கதையை விலக்கினால், அவ்வூர் இடிபாடுகளைப் பிற்காலத்தவர் எப்படிக் கண்டார்கள், அவை ஏன் அகழப்பட்டன என்பதற்கு விடை கிடைக்காது.

கி.பி. 75 வாக்கில் உரோமின் இரண்டாம் அகஸ்டா படைப்பிரிவு அஸ்க் ஆற்றங்கரையில் இஸ்கா என்னும் கோட்டையை நிறுவியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் தங்கக்கூடிய நிலையான பாளையம் அது. படை நீங்கிப் பல நூற்றாண்டுகள் சென்ற பின்னும் அதன் கட்டடங்கள் முற்றாக மறையவில்லை. 1188இல் வேல்ஸ் முழுவதும் பயணம் செய்த ஜெரால்டு என்ற பாதிரியார், இவ்வூரின் குளியல் மாளிகைகளையும், சுவர்களினூடே வெப்பத்தை ஏற்றிய குறுகிய குழாய்களையும் வியந்து எழுதியிருக்கிறார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1136 வாக்கில், மான்மத் ஜெஃப்ரி என்ற எழுத்தாளர் தம் நூலில் ஆர்தரின் பேரவையை இங்கே கூட்டி, பொன் வேய்ந்த கூரைகளால் உரோமுக்கு நிகரான நகரம் இது என்று வருணித்திருந்தார். ஆர்தரின் காலத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. தம் காலத்தில் எஞ்சி நின்ற உரோமக் கட்டடங்களைக் கண்டுதான் அவ்வாறு எழுதினார் என்றே கருதுகிறேன்.

கோட்டைக்கு வெளியே புல் மூடிக் கிடந்த நீள்வட்டப் பள்ளத்தை ஊரார், ஆர்தர் தம் வீரர்களோடு அமர்ந்ததாகக் கதைகள் சொல்லும் மேசையின் பெயரால், ஆர்தரின் வட்டமேசை என்றே அழைத்து வந்தார்கள். 1926இல் அதை அகழ டெய்லி மெயில் நாளிதழ் பணம் கொடுத்ததற்கு அந்தப் பெயரின் ஈர்ப்பே முக்கியக் காரணம். வெளிப்பட்டது கி.பி. 90 வாக்கில் கட்டப்பட்ட, ஏறத்தாழ ஆறாயிரம் பேர் அமரக்கூடிய உரோம வட்டரங்கம்.

தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அப்போது லண்டன் அருங்காட்சியகப் பொறுப்புக்குச் சென்றுவிட்டதால், இந்த அகழ்வின் களப்பணியைப் பெரிதும் நடத்தியவர் அவருடைய மனைவி டெஸ்ஸா. உங்கள் ஊரை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலர் மண்ணடுக்குகளைப் பிரித்துக் காலம் கணித்த முறை, இவ்விருவரும் வேல்ஸிலும் இங்கிலாந்திலும் சேர்ந்து செம்மைப்படுத்தியது. டெஸ்ஸா 1936இலேயே மறைந்துவிட்டார். அரிக்கமேட்டைப் பற்றிப் பேசும் நம் நூல்கள் வீலரின் பெயரோடு நின்றுவிடுகின்றன. டெஸ்ஸாவின் பெயரையும் அங்கே எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.