தினமும் ஜெபிக்கிறேன், தேவனுக்குச் செவிகொடுப்பது என்று தனியாக ஒன்று தேவையா?

காலையும் மாலையும் தவறாமல் ஜெபிக்கிற ஒருவர், தேவன் பேசுவதைக் கேட்பதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. ஒதுக்கத்தான் வேண்டும்; அதுவும் ஒரு முடிவை எடுப்பதற்கு முன்பே ஒதுக்க வேண்டும் என்பது என் பதில்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்த சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் ஒருவருடைய காலில் ஆறாத சர்க்கரைப் புண், ஒரு பிள்ளையின் எஸ்பிஎம் என்னும் பள்ளி இறுதித் தேர்வு, இன்னொருவர் மகனின் சிங்கப்பூர் வேலை என்று விண்ணப்பங்கள் நீண்டுகொண்டே போகும். கடைசி ஆமென் சொன்ன கையோடு மீகூன் என்னும் அரிசிச் சேமியாத் தட்டுகள் வந்துவிடும். மீகூன்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை; ஆனால் அத்தனை பேர் அத்தனை நேரம் பேசிய பிறகும், மறுமொழிக்காக ஒரு நிமிடம்கூட யாரும் காத்திருப்பதில்லை. ரப்பர் மரங்களில் பால்வெட்டிய காலத்தில், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வந்து நின்றவர்கள், தங்கள் குறைகளை மட்டும் மேற்பார்வையாளரான தண்டலிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கு எந்த நிரை மரங்களை வெட்டுவது என்று கேட்காமலே காட்டுக்குள் போயிருந்தால் எப்படியிருக்கும்?

இதைப் பற்றி வேதாகமத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது எரேமியா 42-ஆம் அதிகாரம். எருசலேம் வீழ்ந்து, பாபிலோன் ராஜாவால் ஆளுநராக வைக்கப்பட்ட கெதலியாவும் கொலையுண்ட பின்பு, மீந்திருந்த மக்கள் பாபிலோனியருக்குப் பயந்து தீர்க்கதரிசி எரேமியாவிடம் வருகிறார்கள். தேவன் சொல்வது நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பத்து நாள் கழித்து வந்த வார்த்தை, எகிப்துக்குப் போகாமல் இந்தத் தேசத்திலேயே தங்கியிருங்கள் என்பதுதான். உடனே அவர்கள், நீ பொய் சொல்லுகிறாய் என்று எரேமியாவின்மேலேயே பாய்ந்துவிட்டு எகிப்துக்குப் போய்விடுகிறார்கள். முந்தின 41-ஆம் அதிகாரத்தின் முடிவைப் படித்தால் காரணம் விளங்கும்: கேட்க வந்தபோதே அவர்கள் எகிப்துக்குப் புறப்பட்டு, பெத்லெகேமுக்கு அருகில் தங்கியிருந்தார்கள். அவர்கள் தேடியது வழியை அல்ல, முத்திரையை.

நாமும் பெரும்பாலும் இப்படித்தான் ஜெபிக்கிறோம். சிங்கப்பூர் வேலையைக் குறித்து ஆண்டவருடைய சித்தத்தை அறிய ஜெபிக்கும்படி ஓர் இளைஞர் கேட்டபோது, எங்கள் போதகர் ஐயா, "இங்கே விலகல் கடிதம் கொடுத்தாயிற்றா, தம்பி?" என்றார். "கொடுத்துவிட்டேன் ஐயா." "அப்படியானால் பயணப் பாதுகாப்புக்காக ஜெபிப்போம்" என்று சொல்லி, அவர் அப்படியே ஜெபித்தார்.

இரவில் தேவன் அழைத்த சிறுவன் சாமுவேலின் கதையையும் (1 சாமுவேல் 3) நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அந்தச் சிறுவன் அன்றிரவு கேட்டது, தன்னை வளர்த்த ஆசாரியன் ஏலியின் குடும்பத்துக்கு வரப்போகும் நியாயத்தீர்ப்பை. விடிந்ததும் அதை ஏலியிடம் சொல்ல அவன் பயந்தான். நமக்குப் பிடித்ததை மட்டுமே எப்போதும் சொல்லுகிற குரல் தேவனுடையதுதானா என்று சந்தேகிக்க இந்த ஓர் அதிகாரமே போதுமான காரணம்.

எனக்குக் குரல் எதுவும் கேட்பதில்லையே என்பீர்கள். காதில் விழும் குரலாக எனக்கும் கேட்டதில்லை. ஒரு வேதபகுதியை அவசரமில்லாமல் இரண்டு முறை வாசித்து, விண்ணப்பம் எதையும் வைக்காமல் சிறிது நேரம் அமர்ந்திருந்தால், அதில் ஒரு வசனம் நம் நடத்தையில் ஏதோ ஒன்றைச் சுட்டிக்காட்டும். பெரும்பாலும் அது நாம் கேட்க நினைத்த காரியமாக இருக்காது. மனதில் பட்டதையெல்லாம் ஆண்டவர் சொன்னார் என்று அறிவிப்பவர்களிடம் எனக்கு எச்சரிக்கை உண்டு. ஆகையால் உங்களுக்குத் தோன்றியது வேதத்தின் போக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, உங்களை நன்கு அறிந்த ஒரு மூத்த விசுவாசியிடமும் சொல்லிப் பாருங்கள். அவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், அந்தத் தயக்கம் எதனால் என்று முதலில் விசாரியுங்கள்.