மாத்திரை அட்டையின் பின்புறம் என்ன பெயர் இருக்கிறது?

கோத்தகிரியில் மகளிர் மருத்துவராக இருக்கும் எனக்கு இம்மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘ஹார்மோன் மாத்திரை’ பற்றியவை. மருந்தின் பெயரை யாருமே சொல்லவில்லை. உடம்பில் ஊறும் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் ஒன்றுதான். அதைப் போல வேலை செய்யும்படி உருவாக்கிய புரோஜெஸ்டின்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். அதனால்தான் பெயரைக் கேட்கிறேன்.

மசினகுடி, வயது 31: டாக்டரம்மா, பொக்காபுரம் திருவிழா, பழனி, வீட்டு விசேஷம்னு வருஷத்துக்கு நாலைஞ்சு தடவை பீரியட்ஸ் தள்ளிப்போக மாத்திரை போடுறேன். கெடுதலா?

மெடிக்கல் ஷாப்பில் அப்படிக் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டின், 5 மில்லிகிராம். மாதவிலக்கு வரவேண்டிய நாளுக்கு 3 நாள் முன்பே தொடங்கி, தினம் 3 வேளை போட வேண்டும். ரத்தத்தில் அது இருக்கும்வரை கர்ப்பப்பையின் உட்சவ்வு உதிராது. நிறுத்தி 2, 3 நாளில் வந்துவிடும். வரப்போகிற அன்று காலையில் ஞாபகம் வந்து போட்டால் நிற்காது, “மாத்திரை டூப்ளிகேட்டா?” என்று கேட்டு வந்தவர்கள் உண்டு.

பலருக்கும் தெரியாத விஷயம், இந்த அளவில் போடும்போது அதில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் எத்தினைல் எஸ்ட்ரடையோலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரையில் இருக்கிற அதே ஈஸ்ட்ரோஜன், இன்னொரு வகைப் பெண் ஹார்மோன். ரத்தம் உறைய வைக்கும் குணம் அதற்கு உண்டு. உங்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்திருந்தால், கண்முன் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால், கடையில் நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள். மலையிறங்கி வேனில் 7, 8 மணி நேரம் அசையாமல் உட்காரும் பயணமும் சேர்ந்தால் என் கவலை கூடுகிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருத்தடைக்கும் இதை நம்பாதீர்கள்.

எப்போதாவது ஒருமுறை என்றால் சரி. நாலைந்து தடவை அதிகம். மேல்மருவத்தூருக்குக் கிளம்புகிறவர்கள்கூடப் பழக்கத்தில் இதைக் கேட்கிறார்கள். அங்கே மாதவிலக்குக்குத் தடையே இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

குன்னூர், தேயிலை பறிப்பவர், 26: அந்தரா ஊசி ரெண்டு தடவை போட்டேன். இப்ப தீட்டே வரலை. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்குமா?

தங்காதும்மா. உட்சவ்வு வளரவே இல்லை. உதிர என்ன இருக்கிறது? அரசு 2017 முதல் இலவசமாகப் போடும் இந்தக் கருத்தடை ஊசி, 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டின். எடை கூடலாம். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும், நிறுத்தினால் மீளும். மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டி, ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து போட்டவர்களிடம் கூடியதாக 2024இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு சொன்னது. கட்டியே அபூர்வம் என்பதால் பயப்பட வேண்டாம், விடாத தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் காட்டுங்கள். அடுத்த குழந்தைக்கு மட்டும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க 7 முதல் 10 மாதம் வரை ஆவது சகஜம்.

மஞ்சூர், 28: சாயா கருத்தடை மாத்திரையும் இதே ஹார்மோன்தானா?

இல்லை. அது சென்ட்குரோமன், ஸ்டீராய்டு ஹார்மோனே அல்ல. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது.

ஊட்டி, 51: இந்தக் குளிர்லயும் ராத்திரி வேர்த்துக் கம்பளியை உதறிட்டு எழுந்திருக்கேன். டாக்டர் ஹார்மோன் எழுதினாங்க. கேன்சர் வரும்னு நாத்தனார் தடுக்கிறாங்க.

நாத்தனார் பயத்துக்கு வேர், 2002இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு. ஓராண்டில் 10,000 பேருக்கு 30 ஆக இருந்த மார்பகப் புற்று, மருந்து சாப்பிட்டவர்களிடம் 38 ஆனது. அவர்களுக்குக் கொடுத்தது ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனும். கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களிடம் இந்தக் கூடுதல் இல்லை. சந்தேகம் புரோஜெஸ்டின் பக்கம் திரும்பியது அப்படித்தான்.

ஆனால் கர்ப்பப்பை உள்ள நீங்கள் அதை விடவும் முடியாது. ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் உட்சவ்வு தடித்து அங்கேயே புற்று வரலாம். இயற்கைப் புரோஜெஸ்டிரோனையே நுண்பொடியாக்கிய மாத்திரை இருக்கிறது. அதில் மார்பக அபாயம் குறைவு என்பதே பிரெஞ்சுப் பெண்களை நெடுநாள் கவனித்ததில் தெரிந்தது. அதைக் கேட்டுப் பாருங்கள். தூக்கம் தரும், படுக்கும்போது போடுங்கள். மாதவிலக்கு நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி. மார்பகப் புற்று ஏற்கெனவே வந்தவர்களுக்கு இந்த ஹார்மோன் சிகிச்சையே வேண்டாம்.

கூடலூர், 46: எனக்குக் கர்ப்பப்பை, சினைப்பை ரெண்டும் எடுத்தாச்சு. ஈஸ்ட்ரோஜன் மட்டும்தான் எழுதியிருக்காங்க. விட்டுப்போச்சா?

விட்டுப்போகவில்லை. காப்பாற்ற உட்சவ்வு இல்லாதபோது புரோஜெஸ்டின் எதற்கு? ஆபரேஷன் எண்டோமெட்ரியோசிஸுக்காக (உட்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய்) செய்ததா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் பாருங்கள். அப்படியிருந்தால் உங்கள் டாக்டரிடம் மறுபடி கேளுங்கள்.