கடிதம்: பத்ரிநாத்துக்கு நான்கு நாள் போதுமா?

வணக்கம். நான் டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். அக்டோபர் இரண்டாம் வாரம் கும்பகோணத்திலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். பத்ரிநாத் போய்ப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது இருவருக்கும் நெடுநாள் ஆசை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. சனி ஞாயிறையும் சேர்த்து எனக்கு நான்கு நாள்தான் கிடைக்கும். வெள்ளி இரவு காரில் கிளம்பினால் சனி இரவு பத்ரியில் தங்கி, ஞாயிறு தரிசனம் முடித்துத் திரும்பிவிடலாம் என்கிறார் இங்குள்ள ஒரு டிராவல்ஸ்காரர். நம்பிப் போகலாமா? தப்த குண்ட ஸ்நானம், பிரம்ம கபாலத்தில் தர்ப்பணம் பற்றியும் எழுதுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆனால் அந்த டிராவல்ஸ்காரர் போட்டுத் தந்த திட்டத்தில் வேண்டாம்.

டெல்லி கடல் மட்டத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர். பத்ரிநாத் 3,100 மீட்டருக்கு மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கீழே கிடைப்பதில் எழுபது சதவீதம்தான். உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும், அவகாசம் கொடுத்தால். சமவெளியிலிருந்து கிளம்பிய முதல் நாளே 2,750 மீட்டருக்கு மேல் படுக்கக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பகலில் ஏறி இறங்குவதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். தூக்கத்தில் மூச்சு மந்தமாகும், ரத்தத்தில் பிராணவாயு இன்னும் குறையும். அதனால்தான் மாலையில் நன்றாக நடமாடியவர் விடியற்காலையில் தலைவலியும் குமட்டலுமாக எழுந்திருக்கிறார். உங்கள் திட்டத்தில் அப்பா வெள்ளி இரவு காரில் தூக்கம் கெட்டு, சனி முழுக்க மலைப்பாதையில் குலுங்கி, அதே இரவு அந்த உயரத்தில் படுப்பார். இரவெல்லாம் ஓட்டிய டிரைவரே பகலிலும் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுவார் என்பதையும் யோசியுங்கள்.

இந்தப் பாதையின் அமைப்பே மெதுவாகப் போகிறவர்களுக்கு அனுகூலமானது. ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் மூன்று ஒரே சாலையில் வருகின்றன: கண்டமென்னும் கடிநகரான தேவப்ரயாகை, திருப்பிரிதி என்று சேவிக்கப்படும் ஜோஷிமட், அப்புறம் பத்ரி. அவசரமாகப் போகிறவர்கள் முதல் இரண்டையும் கார் ஜன்னல் வழியே கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது மிகுந்த வருத்தம் தருகிற விஷயம். மூன்றையும் நிதானமாகச் சேவித்துக்கொண்டு போனால் உடம்புக்கு வேண்டிய அவகாசமும் தானாகவே கிடைத்துவிடும்.

சனிக்கிழமை காலை ரயிலில் ஹரித்வார் போய்விடுங்கள். அங்கிருந்து, மலையில் ஓட்டிப் பழகிய உள்ளூர் டிரைவரோடு டாக்சி எடுங்கள். ரிஷிகேசத்திலிருந்து 70 கிலோமீட்டரில் தேவப்ரயாகை. பாகீரதியும் அளகநந்தாவும் கூடுகிற இடத்தில் இழுப்பு அதிகம். கரையில் கட்டியிருக்கும் சங்கிலியை விடாமல் முழுக வேண்டும். ரகுநாதர் கோயிலுக்குப் படி ஏற வேண்டும், அம்மாவுக்கு அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். அன்றிரவு ஸ்ரீநகர் (காஷ்மீர் இல்லை, கட்வால் ஸ்ரீநகர்), ஏறத்தாழ 560 மீட்டர். ஞாயிறு ருத்ரப்ரயாகை, கர்ணப்ரயாகை, சமோலி வழியாக ஜோஷிமட். மாலையில் நரசிம்மரைச் சேவித்துவிட்டு 1,900 மீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்த உயரத்தில் ஓர் இரவு. திங்கள் காலை மிச்சமிருக்கும் 45 கிலோமீட்டர் ஏறினால் மதியத்துக்குள் பத்ரி. செவ்வாய் தரிசனம், தர்ப்பணம் முடித்து இறங்கி பீபல்கோட்டியிலோ ருத்ரப்ரயாகையிலோ தங்குங்கள். புதன் மாலை ஹரித்வாரில் ரயில். வியாழன் ஒரு நாள் கையிருப்பு, ஏனென்றால் மழை ஓய்ந்த அக்டோபரிலும் மண் சரிந்து பாதை அடைபடுவதுண்டு. ஆக இன்னும் இரண்டு நாள் லீவு வேண்டும். கிடைக்கவே கிடைக்காதென்றால் இந்த முறை தேவப்ரயாகையும் ஜோஷிமட்டும் மட்டும் சேவித்துத் திரும்புங்கள். பத்ரியை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நடக்கக் கோல் துணை தேவைப்படும் முதுமை வருமுன் வதரியை (பத்ரியை) வணங்குவோம் என்று திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார், ஆகவே ரொம்பவும் தள்ளிப்போட வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து அவ்வளவு தூரம் ரயிலில் வருகிறவர்களுக்கு டெல்லியில் இரண்டு நாளாவது ஓய்வு கொடுங்கள். அதற்குள் அப்பாவை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மலை நோய் (உயரத்தில் பிராணவாயு குறைவதால் வரும் உபாதை) வராமல் தடுக்க டயமாக்ஸ் என்ற மாத்திரையைக் கொடுப்பதுண்டு. வழக்கமாக 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மரமரக்கும். பிரஷர் மாத்திரையோடு சேரலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்; மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

வழியில் பலருக்கும் உடம்பு கெடுவது தண்ணீர் குடிக்காததால். கழிப்பறை கிடைக்காதே என்று பயந்து வயதான பெண்கள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காததால் வரும் தலைவலி எது, மலை நோய்த் தலைவலி எது என்று பிரித்துச் சொல்வதே கஷ்டமாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, கழிப்பறை உள்ள ஓட்டலாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அப்பாவின் சாப்பாட்டு நேரம் தவறவே கூடாது. மண்சரிவில் மூன்று மணி நேரம் வண்டி நின்றால் சர்க்கரை இறங்கிவிடும். பிஸ்கட், வாழைப்பழம், குளுக்கோஸ் அவர் கையிலேயே இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி முன் இருக்கையில் உட்காரட்டும்.

பத்ரியில் இறங்கியதும் நேரே கோயிலுக்கு ஓடாமல் இரண்டு மணி நேரம் அறையில் இருந்துவிட்டு, மாலையில் போய்ச் சேவியுங்கள். லேசான தலைவலியும் பசியின்மையும் சகஜம். தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஜோஷிமட்டுக்கு இறங்க வேண்டும். 1,200 மீட்டர் இறங்குவது எந்த மருந்தையும்விட வேகமாக வேலை செய்யும். கடைகளில் விற்கும் ஆக்சிஜன் டப்பா சில நிமிஷத்துக்குத்தான் வரும், அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இதில் எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு: இரவில் இந்தப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்துவிட்டால் நடுராத்திரியில் இறங்க வழி இருக்காது. ஆகவே மாலை நான்கு மணிக்கே அப்பாவை அறைக்குள் நேர்கோட்டில் குதிகாலையொட்டிப் பாதம் வைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அப்போதே கிளம்பிவிடுங்கள். யாத்திரைக் காலத்தில் அரசு மருத்துவ முகாம் இருக்கும்; போனவுடனேயே அது எங்கே என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தப்த குண்டம் கோயிலுக்குக் கீழேயே இருக்கிறது. பெண்களுக்குத் தனி இடம். வெந்நீர் நன்றாகவே சுடும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு தெரியாமல் நின்று கொப்புளம் போட்டுக்கொள்வார்கள். அப்பாவின் காலை இறக்குவதற்கு முன் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். பிறகு சொம்பால் மொண்டு காலிலிருந்து மேலே ஊற்றுங்கள். மூன்று நான்கு நிமிஷம் போதும். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும். சட்டென்று எழுந்தால் மயக்கம் வரும். படியில் ஒருவர் துண்டும் உலர்ந்த துணியும் கம்பளிக் குல்லாயும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், வெளியே அடிக்கும் காற்று பனியைத் தொட்டு வருவது. முழுப் பட்டினியாகக் குளிக்கப் போக வேண்டாம்.

பிரம்ம கபாலம் கோயிலுக்கு வடக்கே அளகநந்தாக் கரையில், நடந்து போகும் தூரம். அங்கே பிண்டம் போட்டால் பிறகு வருஷ சிராத்தம் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் குடும்ப வாத்தியாரிடம் கேட்டு, கோத்திரமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் தமிழிலும் இந்தியிலும் எழுதி எடுத்துப் போங்கள். எள், தர்ப்பை டெல்லியிலிருந்தே கொண்டுபோவது நல்லது. தட்சிணையை உட்காருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

உத்தராகண்ட் அரசின் சார்தாம் (பத்ரி உள்ளிட்ட நான்கு தல யாத்திரை) பதிவு மூவருக்கும் கட்டாயம். இணையத்திலேயே செய்யலாம். கம்பளித் துணிக்கு காஷ்மீரி கேட் பக்கமுள்ள மானஸ்டரி மார்க்கெட் போய்ப் பாருங்கள். பத்ரிக்குச் சற்று மேலே உள்ள மானா கிராமம் வரை வண்டி போகும், அம்மாவுக்குச் சிரமமில்லை. அங்குள்ள வியாச குகைக்குப் படிகள் உண்டு, முழங்கால் இடம் கொடுத்தால் மட்டும் ஏறட்டும்.