வெர்பூக்கோவனோட செம்மறிகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஆபீஸ் வேலையா பிரஸ்ஸல்ஸ் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை அங்க ராயல் மியூசியத்துல யூஜீன் வெர்பூக்கோவன்னு ஒருத்தர் வரைஞ்ச செம்மறி ஆட்டுப் படத்து முன்னாடி அப்படியே நின்னுட்டேன். கூட வந்த ஃப்ரெண்ட், "இது காலண்டர் படம், போட்டோ மாதிரி வரைஞ்சா ஆர்ட் ஆயிடுமா, கஷ்டமே தெரியாத கிராமம்னு ஒண்ணு உண்டா"ன்னு சொல்லி இழுத்துட்டுப் போயிட்டார். எனக்கு மனசு ஆறல. என் ரசனை அவ்வளவு மட்டமா? ஒரு பிரிண்ட் வாங்கிட்டு வந்தேன், ஆறு வயசுப் பொண்ணு ரூம்ல மாட்டலாம்னு. அது இன்னும் சுருட்டின மேனிக்கே அலமாரில கிடக்கு.

– எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்க ஃப்ரெண்ட் ரெண்டு விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டார், அதுல ஒண்ணு தப்பு, இன்னொண்ணு ரொம்பச் சரி. தப்பை முதல்ல சொல்லிடறேன். போட்டோ மாதிரின்றார் இல்லையா, வெர்பூக்கோவன் பிறந்தது 1798, போட்டோ எடுக்கிற வித்தையை பாரீஸ்ல உலகத்துக்கு அறிவிச்சது 1839, அப்போ இவருக்கு நாப்பது வயசு ஆயிடுச்சு, ஆட்டுப் படத்துக்குப் பேர் வாங்கி முடிச்சாச்சு. அவர் வரையக் கத்துக்கிட்ட காலத்துல பார்த்துக் காப்பியடிக்க போட்டோவே கிடையாது. அவருக்குக் கிடைச்சது அப்பாகிட்டக் கத்துக்கிட்ட வேலை. அப்பா பார்தெலெமி சிற்பி, பையனுக்கு டிராயிங்கோட களிமண்ல உருவம் பிடிக்கவும் கத்துக் குடுத்திருக்கார். அந்தப் படங்கள்ல ஆடு படுத்திருக்கிறதை நல்லாப் பாருங்க, முன்னங்கால் மடங்கி நெஞ்சுக்கு அடியில போறது, வயித்தோட கனம் ஒரு பக்கமா சரிஞ்சு தரையில உக்காருறது, ரோமத்துக்கு உள்ள எலும்பு எங்க இருக்குன்னு அவர் கைக்குத் தெரிஞ்சிருக்கு. கண்ணால மட்டும் பார்த்து வரைஞ்சா இது வராது, விரலால அமுக்கிப் பார்த்தவனுக்குத்தான் வரும்னு நான் நம்பறேன்.

ரோமத்துக்கு வர்றேன், ஏன்னா நீங்க நின்னுட்டது அதுக்குத்தான் இருக்கணும். சாதாரணமா ஆடு வரையறவங்க உடம்பு முழுக்க ஒரே மாதிரி பஞ்சு ஒட்டி விட்டுடுவாங்க. இவர் முகத்துல குட்டை மயிரு, கழுத்து மடிப்புல ரோமம் ரெண்டாப் பிரிஞ்சு உள்ள வெள்ளையாத் தெரியும், முதுகுல மழையும் தூசியும் பட்டு மஞ்சளடிச்சுக் கிடக்கும், வயித்துக்குக் கீழ அழுக்கேறித் திரி திரியாத் தொங்கும், வெளிச்சம் பின்னாலேர்ந்து வந்தா காது ஓரம் லேசா சிவப்பாத் தெரியும். இது எல்லாமே பல நேரம் ரெண்டு கையளவு மரப்பலகைல, பிரஷ் போன தடமே தெரியாம. இதை காலண்டர்னு சொல்லித் தள்ளிட்டுப் போக எனக்கு மனசு வரல.

அந்தக் காலத்துல இதுக்கு இருந்த கிராக்கியும் கொஞ்சநஞ்சமில்ல. மத்த லேண்ட்ஸ்கேப் ஓவியர்கள் மரமும் வானமும் வரைஞ்சு வெச்சுட்டு ஆடு மாட்டை மட்டும் இவர்கிட்டக் குடுத்து வரைஞ்சு வாங்கியிருக்காங்க, ஃப்ரெடெரிக் மரினஸ் குருஸ்மன் படங்கள்ல மேயுற கூட்டம் பல இடத்துல இவர் கை. போலிப் படமும் நிறைய வந்ததால தன் படத்துக்குப் பின்னால இது நான் வரைஞ்சதுதான்னு தன் கையாலயே எழுதி ஒட்டிக் குடுத்திருக்கார், இப்ப ஏலத்துக்கு வர்ற பலகைகள்லயும் அந்தச் சீட்டு இருக்கு.

இனி உங்க ஃப்ரெண்ட் சரியாச் சொன்னது, அந்தக் கஷ்டமே தெரியாத கிராமம். வெர்பூக்கோவன் ஊர் வார்னெட்டோன், பெல்ஜியத்துல லீஸ் ஆத்தங்கரை, அப்ப மேற்கு ஃபிளாண்டர்ஸ்ல சேர்ந்திருந்தது. சணல் மாதிரி ஒரு செடி, ஃபிளாக்ஸ், அதை ஊறப்போட்டு நார் எடுத்து லினன் துணி நெய்யுற பூமி. அதே ஆத்துல கொஞ்சம் கீழ போனா கோர்ட்ரைக் நகரம். 1845-ல ஐரோப்பா முழுக்கப் பரவின உருளைக்கிழங்கு நோய் முதல்ல தென்பட்டது அந்த கோர்ட்ரைக் பக்கம்தான். இங்கிலாந்து மில் நூல் வந்து கைராட்டினத்தையும் தறியையும் ஏற்கெனவே சாய்ச்சிருந்த நேரம், அதுக்கு மேல கிழங்கும் அழுகிப்போச்சு, வீடு வீடாப் பட்டினி கிடந்து ஜனங்க செத்தாங்க. அதே வருஷங்கள்லதான் பிரஸ்ஸல்ஸ் வசதிக்காரங்க வீட்டு ஹாலுக்கு இவரோட ஆடுகள் போய்க்கிட்டிருந்தது, நல்லாத் தின்னு வளர்ந்த ஆடு, மழை விட்ட வானம், தொழுவத்துல வைக்கோல், அதுல ரெண்டு கோழி. மேய்க்கிறவன் இருந்தாலும் பல படத்துல தூரத்துல விரல் நகம் அளவுக்கு இருப்பான், முகம் தெரியாது. எனக்கு இது வருத்தம்தான். ஆட்டோட காதுக்குள்ள இருக்கிற ரத்த நாளம் வரைக்கும் பார்த்த மனுஷன் பிறந்த ஊர்ப்பக்கம் ஜனங்களோட முகத்தைப் பார்க்கலையேன்னு.

ஆடு பொய்யில்ல எஸ்., ஆட்டைச் சுத்தி இருக்கிற நாள்தான் பொறுக்கி எடுத்த நாள். அவர் குருவா வெச்சுக்கிட்ட டச்சுக்காரர் பௌலுஸ் போட்டர் 1647-ல வரைஞ்ச இளங்காளை ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்துல இருக்கு, அகலமே மூணு மீட்டருக்கு மேல, அந்தக் காளையைச் சுத்தி ஈ பறக்கும். வெர்பூக்கோவன்கிட்ட நான் பார்த்த வரைக்கும் ஒரு ஈ கூட கிடையாது. அந்த ஒரு ஈ தான் ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற தூரம்னு எனக்குத் தோணும்.

அடுத்த தடவை போனா அதே மியூசியத்துல ஜோசப் ஸ்டீவன்ஸ் 1848-ல வரைஞ்ச பிரஸ்ஸல்ஸ் காலை நேரத்துப் படத்தையும் தேடிப் பாருங்க, தெரு நாய்கள். பெல்ஜியத்துல அப்ப நாயை வண்டில பூட்டி பாரம் இழுக்க வைப்பாங்க, ஸ்டீவன்ஸ் அந்த வண்டி நாய்களையும் வரைஞ்சிருக்கார், நாக்கைத் தள்ளிக்கிட்டு நிக்கும். வெர்பூக்கோவனைவிட பதினெட்டு வருஷம் சின்னவர். பிராணியை வரைஞ்சே அதோட எஜமான் படுற பாட்டையும் சொல்லிடலாம்னு அவர் காட்டினார். ரெண்டையும் ஒரே நாள்ல பாருங்க, எது ஒசத்தின்னு மார்க் போட வேணாம், ஒண்ணுல கண்ணு பழகினது இன்னொண்ணுல உதவும். அப்புறம் வெர்பூக்கோவன் செப்புத் தகட்டுல கீறி அச்சடிச்ச எட்சிங் சுமார் அம்பது இருக்கு, கலர் கிடையாது, பளபளப்பு கிடையாது, வெறும் கோட்டுலயே ரோமம் நிக்கணும். எனக்கு ஆயில் படங்களைவிட அது ஒருபடி மேல.

உங்க ரசனையைப் பத்தி நான் தீர்ப்பு சொல்ல ஒண்ணுமில்ல, அவ்வளவு நேரம் ஒரு ஆட்டைப் பார்த்துக்கிட்டு நின்னவருக்கு என்ன குறை.

பிரிண்ட்டை மாட்டுங்க. ஆனா பெரியவங்க மாட்டுற உயரத்துல வேணாம், பொண்ணோட கண்ணு மட்டத்துக்குக் கீழயே மாட்டுங்க, அவ தரையில உக்காந்து விளையாடும்போது அந்த வைக்கோல் துரும்பும் ஆட்டோட குளம்பும் நேராத் தெரியட்டும். "மேய்க்கிறவர் எங்கே?"ன்னு அவ கேட்டா லீஸ் ஆத்தங்கரை கதையை உங்களுக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்லுங்க.