டெக்குக்கு இன்னும் தடிப்பான ஸ்டெயின் வாங்கலாமா?

கேள்வி: ஒன்ராறியோவின் ஏஜாக்ஸில் இருக்கிறோம். சென்ற மே மாதம் வீட்டின் பின்பக்கம் புது டெக் (பலகைத் தளம்) கட்டினோம். 12க்கு 16 அடி, பிரஷர் ட்ரீட்டட் பலகை. கட்டி முடித்த அடுத்த வாரமே விலை கூடிய சொலிட் ஸ்டெயின் (மரத்தின் நிறத்தை முழுதாக மறைக்கும் பூச்சு) இரண்டு கோட் அடித்தோம். இந்த வசந்தத்தில் பனி கரைந்ததும் பார்த்தால், வெயிலில் வெந்த தோல் போல உரிந்து கிடக்கிறது. கடையில் கேட்டால், இதைவிடத் தடிப்பான ஒன்று இருக்கிறது, மேலே அதை அடியுங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கீழே இருக்கும் பூச்சே மரத்தை விட்டுக் கழன்றுவிட்டது. அதன்மேல் எதை அடித்தாலும் அதோடு சேர்ந்து உரிந்து வரும்.

நீங்கள் வாங்கிய டின்னில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடித்த நேரம்தான் பிழை. பிரஷர் ட்ரீட்டட் பலகைக்குள் செம்பு கலந்த மருந்து நீரை அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள். கடைக்கு வரும்போதும் அது ஈரமாகவே இருக்கும். தூக்கிப் பார்த்தால் பாரத்திலேயே தெரியும். காய்வதற்குப் பல வாரங்கள், சில பலகைகளுக்கு மாதங்கள்கூட ஆகும். அதற்கு முன் சொலிட் ஸ்டெயின் அடித்தால் அது பெயின்ட் போல மேலே ஒரு படலமாக நின்றுவிடும். வெயில் பட்டு உள்ளேயிருந்து எழும் ஈரம் அந்தப் படலத்தைத் தள்ளும். மழைநீர் பலகையின் வெட்டு முனைகளால் புகுந்து, குளிர்காலத்தில் உறைந்து விரியும். நடக்கும் கால்களும் பனி வழிக்கும் சவலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பலகை தயாரா என்று அறியக் காசு செலவில்லை. வெறும் மரத்தில் நாலைந்து துளி தண்ணீர் விடுங்கள். பத்து நிமிடத்துக்குள் உறிஞ்சிக்கொண்டால் ஸ்டெயினையும் உறிஞ்சும். முத்து முத்தாக நின்றால் பொறுங்கள்.

உங்கள் டெக்கில் முதல் வேலை, பழைய படலத்தை முழுதாக எடுப்பது. இந்த வேலைக்குத்தான் நான் காசைச் செலவழிக்கச் சொல்வேன். டெக் ஸ்ட்ரிப்பர் பூசி, லேபிளில் போட்டிருக்கும் நேரம் ஊறவிட்டு, தும்புப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்பர்கள் கடுங்காரம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பக்கத்துச் செடிகளை முதலில் நன்றாக நனைத்து மூடிவிடுங்கள். கழுவியபின் ஒக்ஸாலிக் அமிலம் உள்ள வுட் பிரைட்னரைப் பூசிக் கழுவினால், மிஞ்சிய காரம் சமப்படும், கறுத்த மரமும் தெளியும். வீட்டில் இருக்கும் குளோரின் பிளீச்சை இதற்கு ஊற்ற வேண்டாம். அது மரத்தின் நாரைக் கெடுக்கும். பிரஷர் வாஷரைப் பிடிப்பவர்களும் நிதானமாகப் பிடிக்க வேண்டும்: விசிறி முனை போட்டு, ஓர் அடியாவது தள்ளி, நாரின் போக்கிலேயே. கிட்டப் பிடித்தால் மரம் பஞ்சு பஞ்சாகக் கிளம்பிவிடும்.

விடாப்பிடியாக ஒட்டியிருப்பதைச் சான்ட் பேப்பரால் எடுங்கள், 60 அல்லது 80 எண் போதும். மேசை மாதிரி வழவழப்பாக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். அளவுக்கு மீறி வழவழப்பானால் ஸ்டெயின் உள்ளே இறங்காது. தேய்க்கும்போது முகமூடி போடுங்கள்.

எந்த டின் வாங்குவது? நடக்கும் தரைக்கு, மரத்துக்குள் ஊறும் வகையான செமி ட்ரான்ஸ்பேரன்ட் வாங்குங்கள். நிறத்தூள் இருப்பதால் வெயிலைத் தாங்கும், படலம் கட்டாததால் பெரும்பாலும் உரியாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மங்கும். அப்போது கழுவிக் காயவைத்து இன்னொரு கோட் அடித்தால் சரி. கண்ணாடி போன்ற கிளியர் வகை சூரியனுக்கு அவ்வளவு காலம் நிற்காது.

உங்கள் தரை 192 சதுர அடி. படியையும் கைப்பிடியையும் சேர்த்தால் 300ஐத் தாண்டலாம். 3.78 லீட்டர் டின் 350 சதுர அடிக்குப் போதும் என்று போட்டிருந்தாலும், அது வழவழப்பான மரத்துக்கான கணக்கு. காய்ந்த சொரசொரப்பு மரம் அதில் பாதியிலேயே குடித்து முடித்துவிடும். இரண்டு டின் வாங்கி, ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடுவில் நிறம் மாறித் தெரியும். நிறம் கலந்த டின்னைக் கடைகள் பொதுவாகத் திருப்பி எடுப்பதில்லை. அதனால் முதலில் சின்ன சாம்பிள் வாங்கி ஒரு மூலையில் பூசிப் பாருங்கள்.

அடிக்கும் நாளில் இரவும் 10 பாகைக்குக் கீழே போகக்கூடாது, மழை வரக்கூடாது, வெயில் நேரே பலகையில் விழக்கூடாது. இரண்டு மூன்று பலகைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மூச்சில் முடியுங்கள். கால் மணி நேரம் கழித்தும் மேலே தேங்கி நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையேல் பிசுபிசுவென்று நிற்கும்.

அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை, தயவுசெய்து கவனியுங்கள். எண்ணெய் ஸ்டெயின் தோய்ந்த துணியைச் சுருட்டிக் கராஜில் போட்டால், அது உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். நெருப்புக்குச்சி தேவையில்லை. வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த மூடியுள்ள உலோக டின்னில் போடுங்கள்.

கேள்வி: ஸ்காபரோவில் வீடு. ஒருவர் கதவைத் தட்டி, பக்கத்து வீதியில் வேலை நடக்கிறது, இன்றைக்கே கையெழுத்து வைத்தால் பாதி விலைக்கு டெக்கைக் கழுவி, ஸ்டெயின் அடித்து, ஒரே நாளில் முடிக்கிறோம் என்றார். தமிழ்ப் பெடியன்தானே, நம்பலாம் என்கிறார் அப்பா.

பதில்: காலையில் கழுவிய மரம் மாலைக்குள் காயாது. ஒரே நாள் என்றால் ஈரத்தின்மேல்தான் பூசப்போகிறார்கள். மேலே ஏஜாக்ஸ் வாசகருக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும்.

எந்தப் பொருள், எத்தனை கோட், பழைய பூச்சை எடுப்பது விலையில் சேர்ந்ததா, கழுவியபின் எத்தனை நாள் விடுவார், இவ்வளவும் எழுத்தில் கேளுங்கள். நல்ல பெடியன் எழுதித் தரத் தயங்க மாட்டார். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டு வாசலில் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால், அதற்குமேல் 10 சதவீதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது. இதை அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: வாங்கிய வீட்டில் 1990களில் கட்டிய டெக், பச்சை பாய்ந்த சாம்பல் நிறம். தேய்த்துப் புதுசாக்கலாமா?

பதில்: தேய்க்காதீர்கள். 2003 முடியும் வரை வீட்டு டெக்குகளுக்கு வந்த பலகையில் பெரும்பாலும் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருந்தது. அந்தத் தூள் மூச்சுக்குள் போகக்கூடாது. மெதுவாகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஊறும் ஸ்டெயின் அடியுங்கள். ஆர்செனிக் வெளியே கசிவதையும் அது குறைக்கும். உடைந்த பலகையைத் தோட்டத்து அடுப்பில் எரிக்க வேண்டாம். மரக்கறிப் பாத்திக்கு வரம்பாகவும் வைக்க வேண்டாம்.