நரம்பைத் தின்னும் செல்லா? நகையை அடகு வைக்காதீர்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: விசைப்படகில் வழுக்கி விழுந்த கணவருக்குத் தலையில் அடி. மதுரையில் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகியும் வலது கையைத் தூக்க முடியவில்லை. 'மூளையின் எதிர்ப்பு செல்களே நரம்பைத் தின்கின்றன, ஸ்டெம் செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டால் நின்றுவிடும்' என்று ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். நகையை வைத்துக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. அந்த ஆள் சொன்னது பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

மூளையின் காவல் செல்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். 1919-லேயே ஸ்பெயினின் ரியோ ஓர்தேகா இவற்றைத் தனியாக அடையாளம் காட்டிவிட்டார். பேய்க்கணவாய் கையை நீட்டித் துழாவுவதுபோல் இவை எந்நேரமும் சுற்றிலும் துழாவிக்கொண்டிருக்கும். நரம்பு செல் அடிபட்டால் அதிலிருந்து ஏடிபி என்ற பொருள் கசியும். சில நிமிடங்களில் அந்தக் கைகள் அங்கே போய்ச் சூழ்ந்துகொள்ளும். செத்த செல்லை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்வதுதான் அவற்றின் முதல் வேலை. அது நடந்தால்தான் புண் ஆறும். இதே செல்கள் விடும், அழற்சியை (வீக்கமும் எரிச்சலும்) உண்டாக்கும் பொருட்கள் நாள்பட நீடித்தால் பக்கத்து நரம்பும் கெடும். கெடுதலை மட்டும் நிறுத்தும் ஊசி இன்றுவரை சிகிச்சைக்கு வரவில்லை.

அழற்சிதானே என்று, அதைத் தணிக்கும் மருந்தான ஸ்டீராய்டும் கேட்காதீர்கள். தலைக்காயம் பட்ட பத்தாயிரம் பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2004-ல் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்களில்தான் சாவு அதிகம். ஆனால் காசநோயால் வந்த மூளைக்காய்ச்சலுக்கு அதே ஸ்டீராய்டு உயிர் காக்கும். இதைப் படித்துவிட்டு அந்த நோயாளிகள் யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மூளைக்கட்டி வீக்கத்துக்குத் தருவதும் அப்படித்தான். உங்கள் கணவருக்கு வந்தது தலைக்காயம், அது வேறு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, நரம்புக் காயத்துக்கு ஸ்டெம் செல் என்பது அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்குள் மட்டுமே. அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்கிறார் என்றாலே அது ஆராய்ச்சி இல்லை. மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஸ்கேனை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு முன்பணம் கேட்பவரிடம் அது இருக்காது.

கைக்கு வேண்டியது தினப் பயிற்சி. டிஸ்சார்ஜ் சீட்டில் 'பிசியோதெரபி' என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பிவிடுகிறார்கள்! எங்கே, யாரிடம், எத்தனை நாள் என்று எழுத ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஓட்டையில்தான் தரகர் நுழைகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மேல்பரிசோதனைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தியோ, அரைமயக்கமோ வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.